வெறுங்காற்று

சட்டை வேண்டாம் என்று முடிவானது
ஆபீசர்ஸ் லைனில், மூன்றாவது கடையில்.
நீலத்தில் ஏற்கெனவே நான்கு இருக்கின்றன.
நான்கையும் வலத்தோளில் ஒரே இடத்தில்
சிலிண்டர் தின்றிருக்கிறது.

கைக்கடிகாரமும் வேண்டாம்.
நெகேமியா மணி பார்க்கிற ஆள் இல்லை.
முள் பார்க்கிற ஆள்.
எடை மெஷினோ, டயருக்குக் காற்றடிக்கிற இடமோ,
வட்டமாக எதைக் கண்டாலும்
கண் நேராகப் போய்ச் சிவப்புக் கோட்டில் நிற்கும்.

சீட்டெடுத்த பணம் பதினெட்டாயிரம்.
வெயில் நூற்றியெட்டு.
கிரீன் சர்க்கிள் ஓரம் கரும்புச்சாறு சொல்லிவிட்டு
போனில் அந்த விளம்பரத்தை விரலால் பெரிதாக்கினேன்.
கடலுக்கடியில் மூச்சு விடக் கற்றுத்தருகிறார்கள்.
புதியவர்களுக்கு மூன்று நாள்.
முதல் இரண்டு நாள் நீச்சல் குளம், மூன்றாம் நாள் புதுச்சேரிக் கடல்.

போனை எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள்.
நீச்சல் தெரியுமா அவருக்கு?
தெரியும். அணைக்கட்டுப் பக்கம்
மோட்டார் கொட்டகை மேலிருந்து கிணற்றில் குதித்தவர்.
இப்போது அந்தக் கிணற்றில்
தவளைகூட யோசித்துத்தான் குதிக்கும்.
காதில் ஏதாவது கோளாறு?
நான் கூப்பிடும்போது மட்டும்.
சிரித்தாள்.
இதயம்? ஆஸ்துமா? மூச்சுத் திணறல்?

அவருக்கு இல்லை, என்றேன்.

அந்த மே மாதம் ஒரே ராத்திரியில் நாற்பத்தொரு சிலிண்டர்.
லிப்ட் நின்றுபோய்
மாடிப்படியில் தோளில் ஏற்றியது.
ஏழாம் வார்டு வாசலில்
கையில் ஒன்று, கண்ணெதிரே இரண்டு கட்டில்.
அதற்கு மேல் என்னிடம் சொன்னதில்லை.
இன்றைக்கும் விடியற்காலை மூன்றுக்கு எழுந்துபோய்
சமையலறை கேஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பார்.
டங்கென்று தரையில் அது உட்காரும் சத்தத்தில்
நானும் சின்னவளும் புரண்டு படுப்போம்.

ஒரு சிலிண்டர் ஆக்சிஜன் எவ்வளவு நேரம் வரும்மா?

ஆக்சிஜன் இல்லைங்க, காத்துதான்.
நாம விடுற அதே காத்து. அமுக்கி அடைச்சது.

வெறுங்காத்துக்கா பதினாறாயிரம்?

ஆமாங்க, என்றாள் வெட்கப்படாமல்.
அப்புறம், யாருக்கோ நூறு தடவை சொன்ன குரலில்,
முதல் பாடம் ஒண்ணே ஒண்ணுதான்.
தண்ணிக்குள்ள என்ன ஆனாலும் மூச்சை அடக்கக் கூடாது.
விட்டுக்கிட்டே இருக்கணும்.

டம்ளரில் ஐஸ் கரைந்து சாறு வெளுத்திருந்தது.
பணத்தை அனுப்பினேன்.
அவசரத்துக்கு யாரை அழைப்பது? என் பெயர்.
உறவு? மனைவி.
எழுத்துப்பிழை இல்லையே என்று
இரண்டு தடவை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, பிரியாணியும் முடிகிற நேரம்
தாளை நீட்டினேன்.
படத்தில் ஒருத்தி, முதுகில் சிலிண்டர், சுற்றிலும் மஞ்சள் மீன்.
மீனை அவர் பார்க்கவே இல்லை.

இன்னாமே இது. அங்கயும் நான்தான் தூக்கணுமா?

தண்ணில கனக்காதாம்.

முள்ளு யாரு பாப்பா?

ஜோடியாத்தான் எறங்கணுமாம்.
ஒருத்தர் முள்ள ஒருத்தர் பாத்துக்கணும்.

தீந்துச்சுன்னா? அடுத்தத யாரு எடுத்தாருவா?

யாரும் எடுத்தார மாட்டாங்க.
தீர்றதுக்குள்ள நீ மேல வந்துடணும். அவ்ளோதான்.

மீன் கடிக்குமா என்றாள் சின்னவள்.
பதில் சொல்ல ஆளில்லை.
தாளின் ஓரத்தில் எண்ணெய் விரல் ஒன்று பதிந்து
மெல்லப் பரவியது.

சாயங்காலம் குளிக்கப் போனவர்
தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தமே இல்லை.
கதவருகே போனேன். தட்டக் கை தூக்கினேன்.
உள்ளே, நிறைந்த பிளாஸ்டிக் வாளியில்
முகத்தைக் கவிழ்த்து யாரோ
குமிழி விடுகிற சத்தம்.
நின்றது.
மறுபடியும் கொஞ்சம் நீளமாக.

ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன்.
பதினொன்றில்
எண்ணுவதை விட்டேன்.