தோலின் நிறம்

அரிசோனாவிலிருந்து ஒருவர் கேட்கிறார்:
1936இல் செய்த தன் வண்டிக்கு
முதன்முதலில் தைத்த தோல் என்ன நிறம்?

நான்கு நிமிடம் போதும் எனக்கு.
சேஸிஸ் எண்ணைச் சொன்னால்
அட்டை வந்துவிடும்.
செர்ரிச் சிவப்பு. மாட்டுத் தோல், இரட்டைத் தையல்.
வாங்கியவர் ப்ரெமன் நகரத்துக் காப்பி வணிகர்.
மார்ச் பதினொன்று, புதன்கிழமை, ஒப்படைப்பு.
இடக் கதவில் நகக்கீறல் அளவு ஒரு கோடு;
மறுபடி பூசியது; செலவு எங்களுடையது.

எங்கள் பேர் அப்படி.
ஒரு திருகாணியைக்கூடத் தொலைத்ததில்லை என்று
ஆண்டுவிழாவில் தலைவர் சொன்னபோது
நானும்தான் கைதட்டினேன்.

நெக்கர் ஆறு வளையும் இடத்தில்
நிலவறையில் என் வேலை.
பதினெட்டு டிகிரி, எப்போதும்.
காகிதத்துக்குப் பிடித்த குளிர்;
ஓட்மாருக்குத்தான் பிடிக்கவில்லை,
ஆகஸ்டிலும் கழுத்தில் கம்பளி.

மேலே அருங்காட்சியகத்தில்
பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டுகிறார்கள்.
இது பந்தயத்தில் வென்றது.
இது ஓர் இளவரசியின் கல்யாணத்துக்குப் போனது.
இது, கையை நீட்டியபடி நின்றவர்களை
ஊர்வலம் கூட்டிப்போனது.
அந்தப் பலகையில் மட்டும் எழுத்து கொஞ்சம் பொடி.
வெளியே அதன் பேரப்பிள்ளைகள்
தந்த நிற டாக்ஸிகளாய்
ரயில் நிலையத்தில் வரிசை நிற்கின்றன.
வெளிநாட்டார் பார்த்துச் சிரிப்பார்கள்:
எங்கள் ஊரில் இதில் ஏற
மந்திரியாக வேண்டும்.

அரிசோனாவுக்குப் பதில் போட்ட அன்றே
போல்டாவாவிலிருந்து ஒரு கடிதம்.
கட்டம் போட்ட பள்ளித் தாள்;
மொழிபெயர்ப்பைப் பின்னால் குத்தியிருந்தார்கள்.
"என் அம்மா மோத்ரியா, அப்போது பதினேழு வயது.
1942 முதல் உங்களிடம் வேலை செய்தார்.
ஆமாம் என்று ஒரு வரி எழுதித் தர முடியுமா?
பணத்துக்கு இல்லை.
இவ்வளவு நல்ல வண்டி செய்கிறவர்களா
அப்படி நடத்தியிருப்பார்கள் என்று
என் கணவரே அவரைக் கேட்டார்.
இப்படிக்கு, ஸ்டெஃபானியா."

மோத்ரியாவுக்குச் சேஸிஸ் எண் கிடையாது.
அந்த ஆண்டின் எஞ்சின்கள் எல்லாம்
பேரேட்டில் இருக்கின்றன,
சோதித்தவன் கையெழுத்தோடு, மணி நிமிடத்தோடு.
ஏழாம் கொட்டகைக்கு ஒரே வரி:
"கிழக்கத்திப் பெண்கள், 212 உருப்படி."

உருப்படியாகத்தான் எழுதியிருக்கிறான்.
மசி சிந்தவில்லை.
எழுத்தெல்லாம் ஒரே சாய்வு.

மூன்று வாரம் தேடினேன்.
சமையலறைக் கணக்கைப் பார் என்றான் ஓட்மார்.
டர்னிப், டர்னிப், மரத்தூள் கலந்த ரொட்டி,
ஈஸ்டருக்கும் டர்னிப்.
பெயர் ஒன்றும் இல்லை.
பிறகு அபராதப் புத்தகம். டிசம்பர்.
"எண் 131, பெண், வயது 17.
இருக்கைத் தோலின் கழிவுத் துண்டைக்
காலில் சுற்றியிருந்தாள்.
மூன்று நாள் கூலி பிடித்தம்.
துண்டு மீட்கப்பட்டது.
நிறம்: செர்ரிச் சிவப்பு."

குளிர்ப்பெட்டி போல் அறை;
எனக்குக் காது மடல் சுட்டது.

131தான் மோத்ரியாவா? தெரியாது.
பதினேழு வயதில் அங்கே
நாற்பது பேராவது இருந்திருப்பார்கள்.
சட்டப் பிரிவு என் வரைவைத் திருப்பி அனுப்பியது:
"உறுதி செய்கிறோம்" என்பதை அடித்து
"மறுப்பதற்கில்லை" என்று போட்டு.

மறுப்பதற்கில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
உறையை ஒட்டியவன் மறுபடி பிரித்து
ஓரத்தில் பேனாவால் எழுதினேன்:
காலில் சிவப்பாய் எதையாவது கட்டிக்கொண்டதாக
அம்மா எப்போதாவது சொன்னாரா?

ஐந்து வாரம் ஆகிறது.
அரிசோனாக்காரர் நன்றி சொல்லி
ஒரு பெட்டி பேரீச்சை அனுப்பியிருக்கிறார்,
கூடவே தைத்து முடித்த இருக்கையின் படம்.
நிறம் அச்சு அசல்.
ஓட்மார் நான்கு பழம் தின்றுவிட்டு
கொட்டைகளை அட்டைப் பெட்டியின் மூடியில்
வரிசையாய் வைக்கிறான்.
தபால் வண்டி இரண்டு மணிக்குத்தான் வரும்.