பேஷண்ட் யாரு

காந்தி ரோட்டு லாட்ஜில்
பதிவேட்டை எங்கள் பக்கம் திருப்பினார்:
"பேஷண்ட் யாரு?"
யாருமில்லை, தரங்கம்பாடியிலிருந்து வருகிறோம்,
நாளைக்குக் கோலார், என்றான் சற்குணம்.
"அந்தக் கட்டம் காலியா இருந்தா
ஓனர் திட்டுவாரு சார்."

நான் அவன் பெயரை எழுதினேன்.
பேனாவைப் பிடுங்கி
அதற்குக் கீழே என் பெயரை எழுதினான் அவன்.

ராத்திரி முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம்
வங்காளத்தில் ஓர் இருமல்.
முதுகைத் தட்டிக்கொடுக்கும் சத்தம்.
செஞ்சியிலிருந்து பேசாமல் வந்தவன்
ஃபேனைக் குறைக்கட்டுமா
என்று கேட்டான்.

விடிந்ததும் பாலாற்றுப் பாலம்.
வண்டியை நிறுத்தச் சொல்லி
செருப்பை உதறினேன்.
கொஞ்சம் கடல் மணல்
தண்ணீரில்லாத ஆற்றுக்குப் போனது.

"இனிமே அடையாளம் தெரியாது" என்றான்,
எட்டிப் பார்த்தபடி.

காட்பாடியில் இட்லி ஆறியிருந்தது.
இன்னொரு ஈடு வரும்வரை
உட்கார்ந்திருந்தோம்.