ஒரு விரல் கிரீஸ்

தொப்பூர் ஏற்றத்தில்
மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் ஏறியது,
வண்டி ஏறவில்லை என்றார் மாதப்பன்.
வெங்காய லோடு லாரிகூட
ஆரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போனதாம்.
பின்சீட்டில் வசுமதியம்மா
முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி
ஏதோ தீயுது, ஏதோ தீயுது என்றே
தர்மபுரி வரை வந்திருக்கிறார்.

பென்னாகரம் ரோடு, என் பட்டறை, இரவு ஒன்பதரை.
பள்ளத்தில் மல்லாந்து
கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கி இறக்கும்போது
ஆயிலாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
கரி வாசம் வந்தால் இன்ஜின் ஆயில், பின் சீலின் குற்றம்.
கெட்ட முட்டை நாறினால் கியர் ஆயில், முன் சீலின் குற்றம்.
இரண்டிலும் நான் இல்லை.

சீல் இரண்டும் காய்ந்து கிடந்தன,
பங்குனி மாதத்து நாகாவதி மாதிரி.

பிளேட்டில்தான் இருந்தது:
நடுத்துளையிலிருந்து கிளம்பி
ஓரம்வரை விசிறிய கறுப்பு.
தொட்டு மோந்தேன்.
என் டப்பா.

ஆறு வாரம் முன்பு
இதே பள்ளம், இதே இண்டிகா, புது பிளேட்.
ஸ்ப்ளைனுக்கு நகக்கண் அளவு போதும்,
அதையும் துடைத்துவிட வேண்டும்.
அன்றைக்குத் தோளில் போனை இடுக்கிக்கொண்டு
சீட்டுப்பணத் தகராறு பேசியபடியே
ஒரு விரல் வழித்து அப்பினேன்.
நல்லா வழுக்கட்டுமே.

நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றினால்
இளகிய கிரீஸ் சும்மாவா உட்கார்ந்திருக்கும்?
ஒரு காரில் வழுக்க வேண்டிய இடம் நூறு.
வழுக்கக் கூடாதது
டயர், பிரேக்,
அப்புறம் இந்த ஒரு சாண் வட்டம்.

பெட்ரோலில் கழுவினேன், உப்புத்தாள் போட்டேன்.
வெளுத்துவிட்டதுபோல் நடித்தது.
லைட்டர் சூடு காட்டியதும்
மறுபடி வேர்த்தது.
குடித்ததைத் திருப்பித் தருகிற சாமான் இல்லை அது.

"ஆயில் லீக்குங்களா?"
டீக்கிளாசோடு குனிகிறார் மாதப்பன்.
பதிலையும் அவரே எடுத்துக் கொடுக்கிறார்.
தலையாட்டினால் போதும்,
கூலியோடு ஐயாயிரத்து அறுநூறு.

ஆமா என்பது தொண்டைக்குள்
வேகமாகத்தான் சுற்றியது.
பிடிக்கவில்லை.

"லீக் இல்லைங்க. என் கைங்க."

மேலே ஏதோ லாரி போனது.
பாதிதான் அவர் காதில் விழுந்திருக்கும்.
டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு,
அதை மாத்த எவ்வளவுங்க ஆகும்
என்று கேட்டார்.