வினைமுற்று

எர்ணாவூர் பாலம் இறங்கும்போதே சட்டி மேளம் கேட்டது.
திருவிழாவா என்றார் ஹிராயாமா.
நாம் போகிற வீடுதான் என்றேன் அவர் மொழியில்.
அதற்கப்புறம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

முன்சீட்டில் எச்.ஆர். கிளமெண்ட்
காலையிலிருந்து மூன்றாம் முறையாகச் சொன்னார்:
"வருத்தம்னு சொல்லலாம், தப்புன்னு சொல்லக் கூடாது.
அவரு இன்னா சொன்னாலும்
நீங்க வருத்தம்னே சொல்லுங்க மேடம்."
என் சம்பளச் சீட்டில் இருப்பது அவர் கையெழுத்து.

ஏ.டி.எம். கக்கிய புது நோட்டுகளை
மடியில் வைத்து மடித்துக்கொண்டே வந்தார் ஹிராயாமா.
நடுவில் ஒரு மடிப்பு. பிரித்து, நீவி, மறுபடி.
சாவுக்குப் புது நோட்டுக் கொடுத்தால்
முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தேன் என்றாகிவிடும்
அவர் ஊரில்.
கல்யாண மொய்க்கு ஒரு ரூபாய் ஒட்டித் தருகிற நமக்கு
இது புரியாமல் போகாது என்று நினைத்தேன்.
போனது.

சந்து முனையில் பிளெக்ஸ்.
கூலிங் கிளாஸ் போட்ட தேசப்பன், வயது 34.
பேரேஜுக்கு மேல் பிறை போல ஒரு வெள்ளைப் புறா.

வாசலில் ஷூவைக் கழற்றி
முனை தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்,
அங்கே எல்லா வீட்டிலும் வைப்பது மாதிரி.
"பார்றா, ஓடறதுக்கு ரெடியா வெச்சிகினு
உள்ள வர்றான்" என்றது ஒரு குரல்.
சிலர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு
எங்கள் பக்கம் குற்றமில்லை.

கவரைப் பிரித்த ஏகாம்பரம், செத்தவன் தம்பி,
"கசங்கின நோட்டு" என்று எல்லோருக்கும் காட்டினான்.
"எங்க உசுருக்கு இது போதும்னு குடுத்துக்கிறான்."
விளக்கினேன். பாதிப் பேர் கேட்டார்கள்.

அப்புறம் அவர் குனிந்தார்.
பதினைந்து பாகை தெரிந்தவருக்கு,
முப்பது வாடிக்கையாளருக்கு,
நாற்பத்தைந்து மன்னிப்புக்கு:
பயிற்சி வகுப்பில் பாகைமானி வைத்துப் படித்திருக்கிறேன்.
இது அந்தப் படத்தில் இல்லை.
ஐஸ் பெட்டிக் கண்ணாடியில்
அவர் உச்சந்தலை தெரிந்தது,
தேசப்பன் முகத்தின் மேல்.

பேசினார். அந்த மொழியிலும், நம்முடையதைப் போலவே,
கடைசிச் சொல் வரும்வரை எதுவும் முடிவில்லை.
கடைசிச் சொல் "இல்லை" என்று வந்தது.
கிளமெண்ட் இருமினார்.
வருத்தம் அந்த வாக்கியத்தில் எங்கேயும் கிடையாது.
"சொல்லிக்க ஒரு சாக்கும் இல்லன்னு சொல்றாரு" என்றேன்.

கோமளா தலை நிமிர்த்தினாள்.
"அப்ப சுச்ச போட்டது யாரு?"

விபத்து அறிக்கையை மொழிபெயர்த்தவள் நான்.
பதினோரு பக்கம்.
போட்டான், போட்டாள், போட்டார்கள் என்று
நம் வினை ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் முற்றும்.
அவர்கள் வினைக்கு அந்த வால் இல்லை.
ஒருத்தருமே இல்லாமல் ஒரு வாக்கியம் நிற்கும்,
இலக்கணப் பிழையில்லாமல்.
"சுத்தம் செய்கையில் கன்வேயர் இயங்கியது."
கடைசிப் பக்கத்தில் ஆறு சிவப்பு முத்திரைகள்.
சின்ன அதிகாரியுடையது
பெரிய அதிகாரி பக்கம் சற்றே சாய்ந்து,
அது அதற்கும் பெரியது பக்கம் சாய்ந்து,
வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு.

அவள் கேட்டதை அப்படியே போட்டேன்.
யார் என்பதை முதலில் வைத்தேன்,
அவர்கள் வழக்கமாய் எதையும் வைக்காத இடத்தில்.
அவர் நிமிரவில்லை.
வெளியே மேளத்தோலைக் காய்ச்ச
பழைய பேப்பர் எரித்தார்கள், புகை உள்ளே வந்தது.
வியர்வை அவர் சட்டையில் முதுகெலும்பு வழியே இறங்கியது.
பதில் வரவில்லை.
வராததற்கு நான் தமிழ் தேடவில்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கோமளாதான்
"எய்ந்திரிக்கச் சொல்லுக்கா" என்றாள்.
"இடுப்பு புடிச்சிக்கப் போவுது."

வெளியே வந்தால்,
யாரோ பையன்கள் வேலை, ஷூ திரும்பியிருந்தது.
முனை வீட்டைப் பார்த்து.
லேஸ் வைத்த ஷூ.
வீட்டை நோக்கி நின்று
மறுபடி அவர் குனிய வேண்டியிருந்தது.