பதிவு எண் நாற்பத்தேழு

கட்டபெட்டு தாண்டியதும் சிக்னல் போய்விடும்.
அதனால் என் குரலிலேயே பதிந்துகொண்டேன்,
லைன் வீட்டில், கதவைச் சாத்தி,
தகரத்தில் மழை விழாத ஒரு மணி நேரம் பார்த்து.
அப்படி ஒரு மணி நேரம் ஜூலையில் கிடையாது.
ஆகவே, மழையோடு.

"டிஸ்ப்னியா. மூச்சுத் திணறல்.
டாக்கிகார்டியா. நெஞ்சு வேகமாய் அடிப்பது."
அடுத்து நான் வாய் திறக்குமுன்
பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் அக்கா
தன் ஆட்டை ஒரு கெட்ட வார்த்தை சொல்லி அழைக்கிறாள்.
அதை மட்டும் வெட்டி எடுக்க எனக்குத் தெரியவில்லை.
நர்சிங் படிப்பு முழுக்க
பிராடிகார்டியாவுக்கு முன்னால்
அந்த ஆடு வரும்.

கேத்தி பாலாடாவிலிருந்து வருகிற ஷோபனாவிடம்
சிறுநீரகங்களை வாங்கிக்கொண்டு
எலும்புகளைக் கொடுத்தேன்.
அவள் அனுப்பியதில் எல்லாம்
பின்னால் கேரட் கழுவும் மெஷின் ஓடுகிறது.
நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி,
மண் போன கேரட்டுகள் தொட்டியில் விழும் சத்தம்.

பேருந்தில் ஒரு காதுக்கு மட்டும் மாட்டுவேன்.
மறு காது கண்டக்டருக்கு.
ஒன்றரை மடங்கு வேகத்தில் என் குரல்
யாரோ துரத்த ஓடிவரும் சின்னப் பெண்ணின் குரல்.
ஹைப்போ, ஹைப்பர் இரண்டும் குழம்பும்.
வண்டி இறங்கினால் ஹைப்போ,
ஏறினால் ஹைப்பர் என்று வைத்துக்கொண்டேன்.
இந்த ரோட்டில் ஒரு வளைவுக்கு இறங்கி
மறு வளைவுக்கு ஏறுகிறது வண்டி.
சர்க்கரை நோயாளிகள் பிழைத்தது அதிர்ஷ்டம்.

சீசனில் ஞாயிறும் கொழுந்து உண்டு.
பாட்டுக் கேட்கிறேன் என்று
அம்மா என் போனை எடுத்துப் போனாள்.
எதையோ அழுத்தியிருக்கிறாள்,
சரிவு முழுக்க நான்:
"ஹெபடைட்டிஸ். கல்லீரல் அழற்சி.
ஆர்த்ரைட்டிஸ். மூட்டு அழற்சி.
கேஸ்ட்ரைட்டிஸ்..."
பதினோரு பெண்கள், பதினோரு கத்தரி,
நிறுத்து என்று ஒருத்தியும் சொல்லவில்லையாம்.
மத்தியானச் சோற்றுக்குள்
வார்த்தை அவர்கள் கைக்குப் போய்விட்டது.
விரலிடுக்கில் ரத்தம் வந்தால் அட்டைட்டிஸ்.
எடை போடும் இடத்தில் தராசைட்டிஸ்,
வீங்காமல் வற்றுகிற வினோத வியாதி,
கூடைக்கு ஒரு கிலோ.
ஓக் மரங்களுக்கு நடுவே
கணக்கப்பிள்ளையின் தொப்பி தெரிந்ததும்
ராமாயி மெல்ல,
"வருதுடீ, பிள்ளைட்டிஸ்."

சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்க
அம்மாவோடு பூங்காவனமும் வந்தாள்.
வாசலிலேயே நின்று
கத்தரி பிடித்த கை இன்னும் மடங்கியபடியே இருக்க
கேட்டாள்:
"அந்த ஆர்த்ரைட்டிசுன்னு சொன்னியே,
அதுக்கு லீவு குடுப்பாங்களா?"

பதிவில் அது இல்லை.

தேர்வு அறையில் சத்தமே இல்லை.
மின்விசிறி கூட இல்லை,
குன்னூரில் அது எதற்கு.
வினாத்தாளில் சொற்கள் மொட்டையாய் நின்றன.
தெரிந்த முகம்தான், பேர் வரவில்லை.
முதலில் மழையைக் கொண்டுவந்தேன்.
பிறகு கேரட் மெஷினை ஓடவிட்டேன்,
சிறுநீரகம் இரண்டும் சேர்ந்தே வந்தன.
அக்காவை அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னேன்.
ஆடு வந்தது,
அதன் பின்னாலேயே, நிதானமாக,
பிராடிகார்டியா.

நாற்பத்தேழாம் பதிவு மட்டும் பாதியில் நிற்கும்.
"த்ரோம்போ" என்றதும் அன்று
கடன் குழுக்காரரின் அழைப்பு வந்துவிட்டது.
கோட்டின் மேல் த்ரோம்போ என்று எழுதினேன்.
மீதிக்காகக் காத்திருந்தேன்.
வந்தது,
என் குரலிலேயே, தெளிவாக:
"வியாழக்கிழமை கட்டிடறோம் சார்."

ஒரு மதிப்பெண் அளவுக்கு இடம் விட்டு
அடுத்த கேள்விக்குப் போனேன்.