மேற்படியார் இருவரும்

கீரனூர் தாண்டும்போது
சோலை என் மடியில் வாந்தியெடுத்தாள்.
திருச்சியில் வாங்கிய தக்காளி சாதம் என்றேன்.
ரயில் ஆட்டம் என்றார் இவர்.
எதிர் சீட்டுக்காரர் மட்டும்
ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்
கதவோரம் நின்றுகொண்டார்.

பள்ளத்தூர் வீட்டில் அறைகள் முப்பத்தொன்று.
பத்தொன்பதுக்குப் பூட்டு.
எந்தப் பூட்டுக்கு யார் சாவி என்று
தேவகோட்டைக் கோர்ட்டில் ஆறாவது வருஷம்.
தண்ணீர் வரும் கக்கூஸ் ஒன்றே ஒன்று.
அது யாருக்கு என்று இதுவரை
யாரும் மனுப் போடவில்லை.

அரையாண்டு லீவில் படைப்பு.
வழக்கிருந்தாலும் வந்துதான் ஆகவேண்டும்,
செத்தவர்களுக்கு இரண்டு இடத்தில் இலை போட முடியாது.
இருப்பவர்களுக்குப் போட்டோம்:
வளவுக்குக் கிழக்கே மூத்தார் வைரவன் குடும்பம்,
சீதையாச்சியின் அடுப்பு.
மேற்கே என்னுடையது.

காலையில் சோலை தெளிந்துவிட்டாள்.
தெளிந்த பிள்ளை வீடெல்லாம் திரிந்தது.
கிழக்கே போய்ப் பெரியப்பச்சி மீசையைப் பிடித்து இழுத்தாள்.
தேனப்பன் டம்ளரில் வாய்வைத்துப் பால் குடித்தாள்.
வெள்ளைப் பணியாரத்தை ஒரு கடி கடித்து
மீதியைக் கண்டவர் வாயிலெல்லாம் ஊட்டினாள்.
யாரோடு யார் பேசுவதில்லை என்று
நாலு வயசுக்கு நாங்கள் சொல்லித்தந்திருக்கவில்லை.

மறுநாள் படைப்பு முடிந்து இலை எடுக்கையில்
தேனப்பன் குனிந்தவன் நிமிரவில்லை.
அப்புறம் அவன் தங்கை.
விளக்கு வைக்கும் நேரம் இவர்.
கிழக்கே சொன்னார்கள், மேற்கே வடித்த சோறு.
மேற்கே சொன்னோம், கிழக்கே காய்ந்த எண்ணெய்.
கிணற்றுத் தண்ணீர் என்றார் சமையலுக்கு வந்த முத்துக்காளை,
சொல்லிவிட்டு அவரும் ஓடினார்.

எத்தனை பேருக்கும்மா, என்று
போனில் கேட்டார் காரைக்குடி டாக்டர்.
ஒரு குடும்பமாய்ச் சொல்வதா, இரண்டாய்ச் சொல்வதா?
பதினாலு, என்றேன்.
ஒரே கிருமிதான், முதல்ல வந்தது யாரு?
மூலையில் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்,
வக்கீல் இல்லாமல், அளவு நாடா இல்லாமல்
எல்லாருக்கும் சமமாய்ப் பங்கு வைத்தவள்.

ராத்திரி மூன்று மணி.
என் வயிறு என்னை எழுப்பிற்று.
பட்டாலைத் தரை உள்ளங்காலில் பனிக்கட்டி.
கக்கூஸ் வாசலில் இரண்டு பேர்.
மூத்தார் கையில் வாளி.
இவர் சுவரில் நெற்றியை வைத்து நின்றார்.
உள்ளே சீதையாச்சி, முனகலில் தெரிந்தது.

ஆறு வருஷமாய் நோட்டீஸில் மட்டும்
பேசிக்கொண்டவர்கள்.
அன்னார், மேற்படியார், எதிர்மனுதாரர்.

கதவு திறந்தது.
மூத்தார் ஓரடி வைத்தார். நின்றார்.
"நீ போ."
"இல்ல, நீங்க."
"போடான்னா."

இவர் போனார்.
மூத்தாரால் அதற்குமேல் முடியவில்லை.
வளவு மூலையில் வாளியோடு குந்திவிட்டார்.
நான் அண்ணாந்து பார்த்தேன்,
சதுரமாய் வெட்டிய வானத்தில்
ஏதாவது நட்சத்திரம் இருந்திருக்கும்,
எனக்குத் தெரிந்ததெல்லாம்
திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான்.

விடிந்ததும் விரிப்பெல்லாம் ஒரே அண்டாவில் வெந்தது.
ஒரு முனை ஆச்சி, ஒரு முனை நான்,
எதிரெதிராய் முறுக்கிப் பிழிந்தோம்.
"இதுல எங்க பக்கத்து விரிப்பு எது?"
தெரியலை, என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.
அவர் கரைத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரில்
உப்பு தூக்கல்.
குடித்தேன்.

யாரும் சமாதானமாகவில்லை.
இரண்டு கார் வந்தது.
வாய்தா ஜனவரி இருபத்திரண்டு,
இவர் போனில் குறித்து வைத்திருக்கிறார்.
கிளம்பும்போது மூத்தார் பொதுவாய்ச் சொன்னார்,
தூணைப் பார்த்து:
"வழியில ஒண்ணும் வாங்கித் திங்க வேணாம்."

புதுக்கோட்டையில் சோலைக்குப் பசித்தது.
கைப்பையிலிருந்து வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன்.
ஒரு கடி கடித்து
ஈரமான மீதியை அப்பாவிடம் நீட்டினாள்.
வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன்.
அதற்குள் இவர்
வாயைத் திறந்துவிட்டார்.