ஓரெழுத்துப் பிழை

இரவு பதினொன்றரைக்கு அச்சுக்கு அனுப்பிய பேனர்.
இருபதடி நீளம், பத்தடி உயரம்,
பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப்
பரவைத் திருவிழா.
கட்டி முடித்த பிறகுதான் படித்தார்கள்.
"ஏம்மா, மேடவாக்கத்துல றகரம் கிடைக்காதா?"
போனில் அமைப்பாளர் ஞானதீபன்.

கிடைக்கும் சார்.
நீல வினைல் சதுரத்தில் வெள்ளையாய் ஒரு ற வெட்டி
சுருட்டி, ஸ்கூட்டியின் முன்னால் செருகிக்கொண்டு
ரேடியல் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது
மணி எட்டு.
ஏணி இல்லை.
ஏணி வரும்வரை இருங்கள் என்றார்கள்.
இருந்தேன்.

அட்டை அலகு மாட்டிய குழந்தைகள்
அலகைத் தூக்கிவிட்டுக்கொண்டு எலுமிச்சை சாதம் தின்றார்கள்.
ஓவியப் போட்டியில் தலைப்பு 'நம் சதுப்பு'.
எல்லாத் தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன்,
சரி போட்டதுபோல் நாலு பறவை.
நிவாஷினி என்ற குட்டி ஒரே ஒரு மலை வரைந்து
அதன் உச்சியில் புகையும் வரைந்தாள்.
இங்கே ஏது மலை என்று கேட்ட நடுவரிடம்
பெருங்குடிப் பக்கம் கையை நீட்டினாள்.
குப்பை லாரி ஒன்று அதன் தோளில்
அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது.
ஆறுதல் பரிசு கொடுத்தார்கள்.

சம்புப் புதர் ஓரத்தில் ரொசாரியோ
கையடக்க எண்ணியை அழுத்தியபடி நின்றான்.
நாமக்கோழி எண்ணூற்றுச் சொச்சம்.
முக்குளிப்பான் நாற்பத்தாறு,
நாற்பத்தேழாவது முங்கிவிட்டது.
அது எழும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான்,
தானும் கூட முங்கியவன்போல.

ஒரு பையன் என் சட்டையை இழுத்தான்.
"பேனர்ல இருக்கே, அந்த வாத்து எங்கக்கா?"
இணையத்தில் எடுத்த படம்.
பின்னணியில் பனி இருந்தது,
நான்தான் அழித்துப் புல் வைத்தேன்.
ரொசாரியோ பேனரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"அது இன்னும் வரலடா" என்றான்.

கவுன்சிலர் வந்தார். சால்வை.
மைக் ஒரு முறை வீறிட்டது.
ஊசிவால் வாத்துகள் மொத்தமாக எழுந்து
வானத்தை ஒரு சுற்றுச் சுற்றின.
கூட்டம் கைதட்டியது.
தனக்கென்று நினைத்து அவர் கும்பிட்டார்.
ரொசாரியோ தலையில் கைவைத்துக்கொண்டு
ஒன்றிலிருந்து தொடங்கினான்.

முக்காலியில் நின்ற தொலைநோக்கியில்
எனக்கும் ஒரு முறை வந்தது.
பூநாரை தெரியுதா என்றார்கள்.
நான் தெற்கே திருப்பினேன்.
ஜல்லடியான்பேட்டை.
மஞ்சள் கட்டடம், கறுப்புத் தொட்டி,
மாடிக் கொடியில் சிவப்பாய் ஆடும் என் நைட்டி.
சம்புக்கும் நைட்டிக்கும் நடுவே
ஒரு சுவரும் காணவில்லை.

வெள்ளம் வந்த அந்த டிசம்பரில்
கேஸ் அடுப்பு மூழ்கிய மூன்றாம் நாள்
நீலத் தாழைக்கோழி ஒன்று
எங்கள் கிரைண்டர் மேல் வந்து நின்றது.
விரட்டினேன், போகவில்லை.
பட்டா இருக்கிறதா என்று கேட்கவந்த
தாலுகா ஆபீஸ் ஆள்போலச்
சிவந்த நெற்றியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.
எங்களிடம் இருந்தது.
பத்திரம்கூட நனையவில்லை.

பரவை என்றால் கடல், பரந்த நீர்.
பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் வினா.
அன்று சரியாக எழுதியவள்தான் நான்.

ஏணி வந்தபோது மணி நாலு.
நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாய்ச் செருகிக்கொண்டிருந்தார்கள்.
கழற்றியதும் பேனர் தனக்கு வேண்டும் என்று
இளநீர்க் கடைக்காரர் சொல்லிவைத்திருந்தார், கூரைக்கு.
இனி எதற்கு என்றார் ஞானதீபனே.
ஏறினேன்.

மேலிருந்து பார்த்தால்
சாலைக்கு இந்தப் பக்கமும் நீர்
அந்தப் பக்கமும் நீர்.
நடுவில் விளக்குப் போட்டுக்கொண்டு வண்டிகள்
ஒரு ஒற்றைக் கயிறுபோல.

காசு வாங்கின வேலை.
ஒட்டினேன்.
ஓரத்தை மட்டும்
அழுத்தாமல் விட்டேன்.